ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை எங்கே தொடங்குவது: உருப்போடுவதா, அம்பு போடுவதா, புளியிலிருந்தா?

இந்த வருஷம் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி என் அக்கா மகள், பாலக்கோட்டிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் தருமபுரியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முதல் வருஷம் படிக்கிறாள். இன்னொருவன் பக்கத்து வீட்டுப் பையன், பிளஸ் டூ, நீட் எழுதப் போகிறான். நான் ஓசூரில் ஒரு கம்பெனி லேபில் வேலை பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் காரிமங்கலத்தில் இருப்பேன், அதனால் இரண்டு பேருமே அன்றைக்கே வந்தார்கள். "மாமா, இந்த மெக்கானிசத்தை எல்லாம் மனப்பாடம் பண்ணிடட்டுமா, இல்ல புரிஞ்சுதான் ஆகணுமா?" என்றாள் இவள். பையன் கேட்டது இன்னும் நேரடி: "அண்ணா, எது சீக்கிரம் முடியும்?"

"புரிந்து படி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், எல்லா வாத்தியாரும் அதைத்தான் சொல்கிறார்கள். எதை முதலில் புரிந்துகொள்வது என்று கேட்டால்தான் பதில் வராது. எனக்குத் தெரிந்து வழி மூன்று. ஒன்று, இது போட்டால் அது வரும் என்று வினைகளை ஜோடி ஜோடியாக உருப்போடுவது. இரண்டு, ஒவ்வொரு வினைக்கும் எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று வளைந்த அம்பு போட்டு, படிப்படியாக வினைவழிமுறையைப் படிப்பது. மூன்று, வினையையே கொஞ்ச நாள் தள்ளி வைத்துவிட்டு, ஒரு மூலக்கூறுக்குள் எலக்ட்ரான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஏன் சாய்ந்திருக்கிறது என்பதை மட்டும், அதுவும் அமிலங்களின் பி.கே.ஏ. எண்களை, அதாவது அமில வலுவைச் சொல்லும் எண்களை, வைத்துக்கொண்டு பார்ப்பது. மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன், ஆனால் தப்பான வரிசையில்.

காலேஜில் இரண்டாவதுதான் என் வழி என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லா மெக்கானிசமும் அம்போடு போர்டில் போட்டதை அப்படியே நோட்டில் ஏற்றி, அம்பு எந்த மூலையில் தொடங்கி எந்த மூலையில் முடிகிறது என்பது வரை கண்ணுக்குள் வைத்திருந்தேன். செமஸ்டரில் அதே வினையை, மூலக்கூறை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். அவ்வளவுதான். கை நகரவில்லை, அரியர் விழுந்தது. அம்பு போட்டுப் படித்தேன் என்று சொல்லிக்கொண்டு, உண்மையில் நான் கோலத்தை உருப்போட்டிருந்தேன். அதனால் முதல் வழிக்கும் இரண்டாம் வழிக்கும் நடுவில் இருப்பதாகச் சொல்லப்படும் பெரிய வேலி மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

உருப்போடுவதை ஒரேயடியாகத் திட்ட மாட்டேன். பிளஸ் டூ தியரி 70 மதிப்பெண்ணில் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள். நீட்டில் 2025 முதல் 180 கேள்விக்கு 180 நிமிடம்தான். ஒரு நிமிடத்தில் யாரும் அம்பு போட்டுக்கொண்டிருக்க முடியாது. பி.சி.சி. என்ற மிதமான ஆக்சிஜனேற்றி போட்டால் முதல்நிலை ஆல்கஹால் ஆல்டிஹைடோடு நிற்கும், பொட்டாசியம் பெர்மாங்கனேட் போட்டால் ஆசிட் வரை போகும் என்பதைக் காரணத்தோடு தெரிந்துகொள்வதும் நல்லதுதான், ஆனால் கேள்வித்தாள் முன்னால் உட்காரும்போது பெயரைப் பார்த்தவுடன் பதில் வர வேண்டும். வினைப்பொருள்களின் பெயர், நிறம், ஆல்கஹால் எந்த நிலை என்று பிரித்துக் காட்டும் லூகாஸ் சோதனையில் எது உடனே கலங்கும் எது கலங்காது, இதெல்லாம் நெட்டுரு வேலைதான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சிக்கல், உருப்போட்ட விதி உடையும் இடத்தில் வருகிறது. மார்கோவ்னிகாவ் என்ற ரஷ்ய வேதியியலாளரின் விதியை எடுத்துக்கொள்ளுங்கள்: இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் ஹாலைடு சேரும்போது, ஹைட்ரஜன் அதிகம் இருக்கிற கார்பனுக்கே ஹைட்ரஜன் போகும். இருக்கிறவனுக்கே மேலும் கொடுப்பார்கள் என்று நம் பிள்ளைகள் இதை ஒரு நொடியில் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அவர் அதைச் சொன்னது 1869-ல், ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தது 1897-ல். எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், பாட்டிலில் என்ன வந்தது என்று பார்த்துப் பார்த்துச் சொன்ன விதி அது. புரொப்பீனுக்குச் சரியாக வரும். மெத்தில் இருந்த இடத்தில் மூன்று ஃபுளோரின் வைத்த கார்பனைப் போட்டு 3,3,3-ட்ரைஃபுளோரோபுரொப்பீன் என்று கொடுத்துப் பாருங்கள், ஹைட்ரஜன் ஹாலைடு தலைகீழாகச் சேரும், ஹாலஜன் கடைசிக் கார்பனில் போய் உட்காரும். விதியை மட்டும் வைத்திருப்பவனுக்கு இது விதிவிலக்கு, இன்னொன்றாக இதையும் உருப்போட வேண்டும். எலக்ட்ரான் சாய்வு தெரிந்தவனுக்கு இது விதிவிலக்கே இல்லை: நேர்மின்சுமை எங்கே கொஞ்சமாவது தாக்குப்பிடிக்குமோ அங்கே வருகிறது, எலக்ட்ரானை உறிஞ்சுகிற மூன்று ஃபுளோரின்களுக்குப் பக்கத்துக் கார்பனில் அது நிற்காது. இரண்டு வினைக்கும் ஒரே காரணம்.

மூன்றாவது வழியைத்தான் நான் முதலில் வைக்கிறேன். அதற்குப் புளியே போதும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கோடை வந்தால் வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுக்காத தெரு குறைவு, அக்கா மகளும் கை பிசுபிசுக்க உட்கார்ந்தவள்தான். புளியில் இருப்பது டார்டாரிக் ஆசிட். சக்சினிக் ஆசிட் என்று ஒன்று இருக்கிறது, அதே நாலு கார்பன், இரண்டு முனையிலும் அதே கார்பாக்சிலிக் தொகுதி. அதன் பி.கே.ஏ. 4.2. நடுவில் இருக்கிற இரண்டு கார்பனிலும் ஆளுக்கொரு ஓ.எச். வைத்தால் டார்டாரிக், பி.கே.ஏ. சுமார் 3. எண் குறைந்தால் அமிலம் வலுத்தது என்று அர்த்தம், ஒரு எண் குறைந்தால் பத்து மடங்கு. ஓ.எச்.-இல் இருக்கும் ஆக்சிஜன், பிணைப்பு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது, அந்த இழுப்பு கார்பன் வழியாகக் கார்பாக்சில் வரை தெரிகிறது, புரோட்டான் போன பிறகு மிஞ்சும் எதிர்மின்சுமையின் பாரம் கொஞ்சம் குறைகிறது. தூண்டல் விளைவு, மைனஸ் ஐ என்பதெல்லாம் இதுதான். மோரில் இருக்கிற லாக்டிக் ஆசிட் 3.86, ஓ.எச். இல்லாத அதன் அண்ணன் புரொப்பனாயிக் 4.87. அங்கேயும் அதே கதை.

இழுப்பு எவ்வளவு தூரம் போகும்? பியூட்டனாயிக் ஆசிட் 4.82. அதில் ஒரே ஒரு குளோரினைக் கார்பாக்சிலுக்குப் பக்கத்துக் கார்பனில் வைத்தால் 2.86, அடுத்த கார்பனில் வைத்தால் 4.05, அதற்கும் அடுத்ததில் 4.52. இந்த நாலு எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னேன். தூண்டல் விளைவு தூரம் போகப் போகத் தேய்ந்துவிடும் என்ற வாக்கியத்தைப் பத்துத் தடவை படிப்பதை விட, 2.86-க்கும் 4.05-க்கும் நடுவில் விழும் அந்தப் பள்ளத்தை ஒரு தடவை பார்ப்பது மேல். அந்த எண்ணைப் பார்த்த பிறகு பையன் தானாகவே கேட்டான், "அப்போ மூணாவது கார்பன் தாண்டினா குளோரின் இருக்கறதே தெரியாதா அண்ணா?" ஏறக்குறைய அப்படித்தான்.

இன்னொரு உதாரணமும் நம்ம ஊர்தான். மாங்காய் மண்டியில் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்கக் கூடாது என்று தடை இருப்பது கிருஷ்ணகிரிப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கல்லில் ஈரம் பட்டால் ஏன் அசிட்டிலீன் வருகிறது? ஈத்தேன் பி.கே.ஏ. 50 வாக்கில், எத்திலீன் 44, அசிட்டிலீன் 25. மூன்றுமே கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புதான், ஆனால் அசிட்டிலீன் கார்பனின் பிணைப்பில் எஸ் பங்கு (எஸ் ஆர்பிட்டாலின் பங்கு) பாதி, எத்திலீனில் மூன்றில் ஒன்று, ஈத்தேனில் கால். எஸ் பங்கு கூடினால் எலக்ட்ரான் கருவுக்குக் கிட்டே இருக்கும், எதிர்மின்சுமையைத் தாங்கிக்கொள்ளும். அப்படித் தாங்கினாலும் தண்ணீர் 15.7, அதை விட வலுவான அமிலம், அதனால் கார்பைடு அயனி தண்ணீரிடமிருந்து புரோட்டானைப் பிடுங்கிக்கொண்டு வாயுவாக வெளியே வந்துவிடுகிறது. ஒரு எண் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு வினை நடக்குமா நடக்காதா என்று சொல்ல முடிகிறது பாருங்கள், இதை உருப்போட வேண்டியதே இல்லை.

உடனிசைவு, அதாவது எலக்ட்ரான் ஒரே இடத்தில் நிற்காமல் பல அணுக்களில் பரவுவது, வரும்போதுதான் பிள்ளைகளுக்குக் குழப்பம் தொடங்குகிறது, இங்கேதான் மூன்று வழிகளும் நிஜமாகப் பிரிகின்றன. எத்தனால் 16, ஃபீனால் 10, பத்து லட்சம் மடங்கு வித்தியாசம், காரணம் ஆக்சிஜன் மேல் விழுந்த எதிர்மின்சுமையைப் பென்சீன் வளையம் பங்குபோட்டுக்கொள்கிறது. சரி. இப்போது நான் எல்லாருக்கும் வைக்கிற பரீட்சை: பென்சாயிக் ஆசிட், அதில் பாரா இடத்தில் (வளையத்தில் நேரெதிரே) மெத்தாக்சி (ஆக்சிஜன் வழியாக ஒட்டும் மெத்தில்) வைத்தது, மெட்டா இடத்தில் (ஒன்று விட்டு அடுத்த மூலை) மெத்தாக்சி வைத்தது, மூன்றையும் அமில வலு வரிசையில் வை. உருப்போட்டவன் "மெத்தாக்சி எலக்ட்ரான் கொடுக்கும், அதனால் இரண்டுமே வலு குறையும்" என்பான். விடை அது இல்லை. பாரா 4.5, வெறும் பென்சாயிக் 4.2, மெட்டா 4.1. ஒரே மெத்தாக்சி, ஒரு இடத்தில் வலுவைக் குறைக்கிறது, பக்கத்து இடத்தில் கூட்டுகிறது. ஏனென்றால் அதற்குள் இரண்டு ஆள் இருக்கிறார்கள்: ஆக்சிஜன் மின்னெதிர்த்தன்மையால் இழுக்கிறது, தன் தனித்த ஜோடியை வளையத்துக்குக் கொடுக்கவும் செய்கிறது. கொடுக்கிற எலக்ட்ரான் ஆர்த்தோ (ஒட்டிய மூலை), பாராவில்தான் போய் விழும், மெட்டாவுக்கு வராது. அதனால் மெட்டாவில் இழுப்பு மட்டும் தெரிகிறது, பாராவில் கொடுப்பு ஜெயிக்கிறது. ஹேமெட் 1937-ல் இதையெல்லாம் எண்ணாகவே அளந்து வைத்துவிட்டார், அவர் அட்டவணையில் மெத்தாக்சிக்குப் பாராவில் −0.27, மெட்டாவில் +0.12 (மைனஸ் என்றால் கொடுப்பு, பிளஸ் என்றால் இழுப்பு). குறியே மாறுகிறது. மெத்தாக்சி நல்லவனா கெட்டவனா என்று ஒரே வார்த்தையில் கேட்கிற பழக்கம் அந்த இரண்டு எண்ணைப் பார்த்ததும் போய்விடும்.

குளோரோபென்சீன் இதே சண்டையின் இன்னொரு முகம். நைட்ரேற்றம் (வளையத்தில் நைட்ரோ தொகுதியைச் சேர்ப்பது) பென்சீனை விட மெதுவாக நடக்கும், ஆனால் ஆர்த்தோ, பாராவுக்குத்தான் போகும். வேகத்தை இழுப்பு முடிவு செய்கிறது, இடத்தைக் கொடுப்பு முடிவு செய்கிறது. என் அனுபவத்தில் முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில் "ஹாலஜன் மட்டும் விதிவிலக்கு" என்று எழுதிவைத்து மேலே போய்விடுகிறார்கள், நானும் அப்படித்தான் போனேன்.

அப்படியானால் அம்பு வழி வேண்டாமா? வேண்டும், ஆனால் இரண்டாவதாக. ராபர்ட் ராபின்சன் 1922 வாக்கில் வளைந்த அம்பைக் கொண்டுவந்தார், இங்கோல்டும் ஹியூஸும் 1930-களில் பதிலீட்டு வினைகளை எஸ்.என்.1 (இரண்டு படியில் நடப்பது), எஸ்.என்.2 (ஒரே படியில் நடப்பது) என்று பிரித்தார்கள். அவர்களுக்கு அது, எலக்ட்ரான் எங்கே நிறைய இருக்கிறது, எங்கே குறைச்சல் என்று ஏற்கெனவே யோசித்ததைக் குறித்துவைக்கும் எழுத்து. நமக்கு எழுத்து முதலில் வருகிறது, யோசனை கடைசியில் வருகிறது, அல்லது வருவதே இல்லை. பிளஸ் ஒன் தமிழ் வழிப் பாடத்தில் கருக்கவர் பொருள், எலக்ட்ரான் கவர் பொருள் என்று இருக்கும், சொல்லிலேயே யார் எதைத் தேடிப் போகிறார்கள் என்பது இருக்கிறது. அம்பு எங்கே தொடங்க வேண்டும் என்று தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு நான் தனியாகச் சொல்லத் தேவையே இருந்ததில்லை. காலேஜில் ஒரே நாளில் எல்லாம் இங்கிலீஷாக மாறும்போது அந்த லாபம் போய்விடுகிறது என்பது வேறு சோகம்.

எலக்ட்ரான் சாய்வை மட்டும் வைத்துக்கொண்டு மாட்டிக்கொள்கிற இடங்களும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 3-மெத்தில்-1-பியூட்டீனோடு ஹைட்ரஜன் குளோரைடு சேர்க்கிறோம். சாய்வு பார்த்தால் இரண்டாம் கார்பனில் குளோரின் வர வேண்டும், வருகிறது, ஆனால் மூன்றாம் கார்பனில் குளோரின் வைத்த பொருளும் கலந்து வருகிறது. இரண்டாம்நிலைக் கார்பன் நேரயனி வந்தவுடன் பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜன் தன் எலக்ட்ரான் ஜோடியோடு தாவி, மூன்றாம்நிலை நேரயனி ஆகிவிடுகிறது. இதைப் படி படியாக அம்பு போட்டால்தான் பார்க்க முடியும். அதேபோல நியோபென்டைல் புரோமைடு. முதல்நிலைதானே, எஸ்.என்.2 ஓடும் என்று விதி சொல்லும், ஆனால் எத்தில் புரோமைடோடு ஒப்பிட்டால் லட்சத்தில் ஒரு பங்கு வேகம்தான், பின்னால் நிற்கிற கூட்டம் கருக்கவர் பொருளை நெருங்க விடாது. அங்கே எலக்ட்ரான் கணக்கு உதவாது, இட நெருக்கடிதான் பேசும். எதிர்நிலை மாற்றம், முப்பரிமாணம் என்று வரும் எல்லாவற்றுக்கும் அம்பும் படமும் இல்லாமல் முடியாது.

இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கிற பூட்டு ஒன்று: அனிலீனை நேரடியாக நைட்ரேற்றம் செய்வது. அமினோ தொகுதி ஆர்த்தோ, பாராவுக்கு அனுப்பும் என்று பட்டியலில் இருக்கும். கிடைப்பதோ பாரா 51 சதவீதம், மெட்டா 47, ஆர்த்தோ வெறும் 2. பட்டியலை உருப்போட்டவன் பாதிப் பொருளைத் தொலைத்துவிட்டான். நைட்ரேற்றக் கலவை பலமான அமிலம், அனிலீன் காரம், முதல் வேலையாக நைட்ரஜன் புரோட்டானை வாங்கிக்கொண்டு அனிலீனியம் அயனி ஆகிவிடும், கொடுக்கிற ஜோடி போய் இழுக்கிற நேர்மின்சுமை வந்துவிட்டது, மெட்டாவுக்கு அனுப்பாமல் என்ன செய்யும். அமிலம் காரம் பார்த்துவிட்டு வினையைப் பார்க்கிற பழக்கம் இருந்தால் இது கண்ணில் படும். இந்த ஒரு கேள்விக்காகவே பி.கே.ஏ.-வை முதலில் வை என்று சொல்லலாம்.

வகுப்பா, போன் வீடியோவா, புத்தகமா என்ற கேள்வியும் வரும், எனக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அடுத்தவர் அம்பு போடுவதைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், அது டியூஷன் போர்டாக இருந்தாலும் போன் திரையாக இருந்தாலும் ஒன்றுதான். வீடியோவை நிறுத்தி, அடுத்த அம்பை நீயே வெள்ளைத் தாளில் போட்டுவிட்டு ஓட்டு. அதைச் செய்யாதவர்களுக்குப் புத்தகமே பரவாயில்லை, அது தானாக ஓடாது.

ஆக, இருவருக்கும் நான் சொன்னது ஒன்றல்ல. அக்கா மகளுக்கு மூன்று வருஷம் இருக்கிறது, அதனால் முதல் ஒரு மாதம் வினை எதுவும் வேண்டாம், இருபது இருபத்தைந்து பி.கே.ஏ. எண்ணும் அவற்றின் காரணமும் மட்டும் என்றேன், அப்புறம் அம்பு, பெயர் வினைகளும் வினைப்பொருள்களும் அதற்கும் அப்புறம். பையனுக்கு இரண்டு மூன்று வாரம் எலக்ட்ரான் சாய்வு, அதில் முக்கியமாக மெத்தாக்சி, ஹாலஜன், அனிலீன், பிறகு நேராக உருப்போடும் வேலை, ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு சொல்லில் காரணம். அவன் பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்னால் வந்து கேட்டிருந்தால் மூன்றாவது வழியைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டேன், போய் உருப்போடு என்றுதான் சொல்லியிருப்பேன். பாஸ் மார்க் மட்டும் வேண்டும், அடுத்த வருஷம் பி.காம். போகிறேன் என்பவனுக்கும் அதேதான், அதில் தப்பில்லை.

மூன்றாம் ஞாயிறு அக்கா மகள் எண்கள் எழுதிய தாளோடு வந்தாள், முகத்தில் கொஞ்சம் கோபம். "மாமா, மெத்தில் எலக்ட்ரான் கொடுக்கும்னு சொன்னீங்க. பாராவில வச்சா 4.4, சரி, பென்சாயிக்கை விட வலு குறைஞ்சிருக்கு. ஆர்த்தோவில வச்சா 3.9-னு போட்டிருக்கு. பக்கத்துல வந்தா இன்னும் ஜாஸ்தி குடுத்து இன்னும் குறையணும்தானே, ஏன் கூடுது?" நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. ஒரு உருளைக்கிழங்கும் ஈர்க்குச்சியும் எடுத்து வரச் சொன்னேன், வளையம் ஒன்று செய்து, ஒரு மூலையில் கார்பாக்சில், ஒட்டிய மூலையில் மெத்தில் குத்தினோம். மெத்தில் இடித்ததும் கார்பாக்சில் வளையத்தின் தளத்தில் படுத்திருக்க முடியாமல் திருகிக்கொண்டு எழுந்தது. அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ வளையம் இதுக்குக் குடுத்துட்டிருந்த எலக்ட்ரானே கட் ஆயிடுது" என்றாள். தாளில் 3.9-க்குப் பக்கத்தில் 'இடிக்குது' என்று எழுதிக்கொண்டாள்.